எம்.சி.எஸ்.இ. இனி இல்லை: சர்வர் வேலைக்கு இப்போது எதை எழுதுவது?

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து லாயாங் லாயாங்கிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். பொலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்தவர், செம்பனை ஆலை ஆபிஸில் இரண்டு வருடமாக ஐ.டி. உதவியாளர். ஆலையில் இருப்பது ஒரே ஒரு சர்வர், விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. "எம்.சி.எஸ்.இ. எடுத்துவிடு, ஆயுசுக்கும் சோறு போடும்" என்று மாமா சொல்கிறார். சர்வர் வேலைக்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த பழைய சான்றிதழ் அது. பட்டணத்தில் ஒரு பயிற்சி நிலையம் "எம்.சி.எஸ்.இ. முழுப் பயிற்சி" என்று 5,800 வெள்ளி கேட்கிறது. 300 வெள்ளி முன்பணமும் கட்டியாகிவிட்டது. அந்தச் சான்றிதழ் இன்னும் செல்லுமா, லினக்ஸ் பக்கம் போவது நல்லதா, செடெனாக்கில் வரும் டேட்டா சென்டர்களில் எது எடுபடும் என்பதுதான் கேள்வி.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன், தங்கச்சி. மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். எம்.சி.எஸ்.இ. தேர்வை இன்று யாராலும் எழுத முடியாது. 2021 ஜனவரி 31-ஆம் தேதியோடு எம்.சி.எஸ்.ஏ., எம்.சி.எஸ்.டி., எம்.சி.எஸ்.இ. என்ற மூன்று சான்றிதழ்களுக்கும் மைக்ரோசாஃப்ட் கதவை மூடிவிட்டது. அதற்கு முன்பு வாங்கியவர்களின் தகுதி அவர்கள் பதிவேட்டில் இருக்கும், யாரும் பிடுங்கமாட்டார்கள். புதிதாக வாங்கத்தான் வழியில்லை. அந்த நிலையம் பாடம் நடத்தலாம், தன் பெயரில் ஒரு வருகைச் சான்றிதழ் கொடுக்கலாம். மைக்ரோசாஃப்ட் சான்றிதழ் அதன் கையில் இல்லை.

உங்கள் மாமா சொன்னதும் பொய்யில்லை. அவர் காலத்தில் அது உண்மை. நானும் அந்தக் காலத்து ஆள்தான். என் அப்பா பால்மரம் சீவினார், நான் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து விண்டோஸ் 2003 புத்தகம் படித்தேன். அப்போது எம்.சி.எஸ்.இ. என்றால் ஏழு தாள். 70-290, 70-291, 70-293, 70-294 என்று சர்வருக்கு நான்கு, கணினிக்கு ஒன்று, வடிவமைப்புக்கு ஒன்று, விருப்பப் பாடம் ஒன்று. அதில் 291 நெட்வொர்க் தாள், பலரை மண்ணைக் கவ்வ வைத்தது. நானும் இரண்டாவது முறைதான் தேறினேன். ஏழும் முடித்து எம்.சி.எஸ்.இ. அட்டை தபாலில் வந்த அன்று அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். அந்த எழுத்துகளைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டால் குளுவாங்கிலும் ஜொகூர் பாருவிலும் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள்.

அப்புறம் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் இன்றைய முறை புரியும்.

விண்டோஸ் சர்வர் 2008 வந்ததும் பெயரை மாற்றினார்கள். எம்.சி.டி.எஸ்., எம்.சி.ஐ.டி.பி. என்று புதுச் சான்றிதழ்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் அதிகாரிகளுக்கு அந்தப் பெயர்கள் மனத்தில் ஒட்டவே இல்லை. விளம்பரத்தில் எம்.சி.எஸ்.இ. என்றே போட்டுக்கொண்டிருந்தார்கள். 2012-ல் மைக்ரோசாஃப்ட் பழைய எழுத்துகளையே திருப்பிக் கொண்டுவந்தது, விரிவை மட்டும் மாற்றி. முன்பு எஸ்.இ. என்றால் சிஸ்டம்ஸ் இன்ஜினியர், இப்போது சொல்யூஷன்ஸ் எக்ஸ்பர்ட். சர்வர் 2012-க்கு 70-410, 411, 412 மூன்றும் எழுதினால் எம்.சி.எஸ்.ஏ., மேலே 413, 414 எழுதினால் எம்.சி.எஸ்.இ. சர்வர் 2016-க்கு 70-740, 741, 742. அதுதான் கடைசி. சர்வர் 2019-க்கு எம்.சி.எஸ்.ஏ. என்று ஒன்று வரவே இல்லை. அப்போதே எங்களில் பலருக்குச் சந்தேகம் தட்டியது.

இதற்கிடையில் 2018-ல் வேலையை வைத்துச் சான்றிதழ் தரும் முறையைத் தொடங்கிவிட்டார்கள். அதுவரை "இந்தப் பதிப்பு உனக்குத் தெரியும்" என்று சொன்ன சான்றிதழ், இனி "இந்த வேலை உனக்குத் தெரியும்" என்று சொல்லும். அஷூர் நிர்வாகி, பாதுகாப்புப் பொறியாளர் என்று வேலையின் பெயரே சான்றிதழின் பெயர். அஷூர் என்பது மைக்ரோசாஃப்டின் கிளவுட், அதாவது இணையம் வழியாக வாடகைக்குத் தரும் சர்வர்கள். அஷூர் நிர்வாகிக்கு முதலில் ஏ.இசட். 100, 101 என்று இரண்டு தாள் இருந்தது. 2019-ல் இரண்டையும் சேர்த்து 103 ஆக்கினார்கள், 2020-ல் அது 104 ஆனது. இரண்டு வருடத்துக்குள் இரண்டு முறை எண் மாற்றம். பயிற்சிப் புத்தகம் அச்சடித்தவர்கள் பாவம்.

ஏன் இந்த மாற்றம்? பெட்டியில் வரும் சர்வருக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு பதிப்பு வரும், அதற்கேற்ப பாடமும் மாறும், படிக்க நேரம் கிடைக்கும். கிளவுடில் பதிப்பே கிடையாது. போன மாதம் இருந்த பொத்தான் இந்த மாதம் வேறு இடத்தில் இருக்கும். அப்படிப்பட்ட பொருளுக்கு "2019 பதிப்பில் தேர்ந்தவர்" என்று எழுதிக் கொடுத்து என்ன பயன்? இந்தக் காரணம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

நியாயமில்லாமல் போனது வேறு இடத்தில். 2020 பிப்ரவரியில், ஜூன் 30-ஆம் தேதியோடு எம்.சி.எஸ்.இ. வகை எல்லாவற்றுக்கும் ஓய்வு என்று அறிவித்தார்கள். கோவிட் வந்ததால் அதை 2021 ஜனவரி வரை தள்ளினார்கள். அஷூரைத் தொடாமல் சொந்த இடத்தில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு மாற்றாக எதையும் தரவில்லை. தோட்ட ஆபிஸ், ஆலை, சின்ன மருத்துவமனை, பள்ளி என்று உலகம் முழுக்க மாடிப்படிக்கு அடியில் ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்பவனுக்கு எழுத ஒரு தாளும் இல்லாமல் ஏறக்குறைய ஒரு வருடம் போனது. எங்களைப் போன்றவர்கள் உலகம் எங்கும் கத்தினோம். 2021 கடைசியில்தான் விண்டோஸ் சர்வர் ஹைபிரிட் நிர்வாகி என்ற சான்றிதழை அறிவித்தார்கள். ஏ.இசட். 800, ஏ.இசட். 801 என்று இரண்டு தாள். நான் 2022-ல் இரண்டையும் எழுதினேன்.

உங்களுக்குப் பொருத்தமானது இந்தச் சான்றிதழ்தான். 800-ல் ஆக்டிவ் டைரக்டரி (பயனர் கணக்குகளையும் கடவுச்சொற்களையும் நிர்வகிப்பது), டி.என்.எஸ். (கணினிப் பெயருக்கு முகவரி கண்டுபிடிப்பது), டி.எச்.சி.பி. (கணினிகளுக்கு முகவரி கொடுப்பது), ஹைப்பர்-வி (ஒரே கணினிக்குள் பல சர்வர் ஓட்டுவது), கோப்புப் பகிர்வு, சேமிப்பு எல்லாம் வரும். உங்கள் கை தினமும் தொடும் சங்கதிகள். அவற்றை அஷூரோடு இணைப்பதும் சேர்ந்து வரும். 801 அடுத்த படி: பாதுகாப்பு, ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு, பேரிடர் மீட்பு, பழைய சர்வரிலிருந்து புதியதுக்கு மாற்றுவது, கோளாறு கண்டுபிடிப்பது. தேர்ச்சிக்கு 1000-க்கு 700. இவர்கள் தாள்களின் எண்ணை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவார்கள் என்பதை மேலே பார்த்தீர்கள். அதனால் பணம் கட்டுவதற்கு முன்பு மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்தில் அந்தத் தாளின் பக்கத்தைத் திறந்து, ஓய்வுத் தேதி என்று ஏதாவது போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நிமிட வேலை. அந்தப் பயிற்சி நிலையத்துக்குப் போவதற்கு முன்பும் இதைச் செய்திருந்தால் 300 வெள்ளி மிஞ்சியிருக்கும். போனது போகட்டும், அதைத் திரும்ப வாங்கும் வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

புதுமுறையில் எல்லோரும் சறுக்கும் இடம் காலாவதி. பழைய சான்றிதழ் கல்யாணப் பத்திரம் மாதிரி, வாங்கினால் வாங்கியதுதான். இது சாலை வரி மாதிரி, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். முதலில் இரண்டு வருடம் என்று இருந்ததை 2021 ஜூன் 30-லிருந்து ஒரு வருடமாகக் குறைத்தார்கள். பதிலுக்குப் புதுப்பித்தலை இலவசமாக்கினார்கள். காலாவதிக்கு ஆறு மாதம் இருக்கும்போது ஜன்னல் திறக்கும். வீட்டிலிருந்தே, கண்காணிப்பாளர் இல்லாமல், புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். முதல் முறை தேறாவிட்டால் உடனே மறுபடி எழுதலாம், அதற்கப்புறம் ஒவ்வொரு முறைக்கும் ஒரு நாள் காத்திருக்க வேண்டும். தேறினால், பழைய காலாவதித் தேதியிலிருந்து இன்னொரு வருடம் கூடும். சீக்கிரம் எழுதினால் நாள் நஷ்டமாகுமோ என்று பயப்பட வேண்டாம்.

ஆனால் அந்தத் தேதியை ஒரு நாள் தவறவிட்டாலும் எல்லாம் முதலிலிருந்து. ஹைபிரிட் நிர்வாகிக்கு என்றால் இரண்டு தாளையும் மறுபடி காசு கட்டி எழுத வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இப்படித்தான் கோட்டைவிட்டார். நினைவூட்டல் மின்னஞ்சல்கள் எல்லாம் பழைய கம்பெனி முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. வேலை மாறியவருக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. ஆகவே கணக்கைத் திறக்கும்போதே உங்கள் சொந்த மின்னஞ்சலில் திறங்கள். ஆலை கொடுத்த முகவரியில் வேண்டாம்.

கணக்கில் பெயர் போடும்போதும் கவனம். நம் ஆட்களுக்கு மட்டுமே வரும் தொல்லை இது. மைகார்ட் அடையாள அட்டையில் உங்கள் பெயர் ஏ/பி (இன்னாரின் மகள்) போட்டு அப்பா பெயரோடு இருக்கும். சில இணையப் படிவங்கள் அந்தச் சாய்கோட்டை ஏற்காது. தேர்வு நாளில் கண்காணிப்பாளர் அடையாள அட்டையையும் பதிவையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். சாய்கோடு விழவில்லை என்பதற்காக அப்பா பெயரையே விட்டுவிடாதீர்கள். சாய்கோட்டை மட்டும் எடுத்துவிட்டு, மைகார்டில் இருக்கும் அதே எழுத்து, அதே வரிசையில் முழுப் பெயரையும் கொடுங்கள். இதைப் பதிவு செய்யும் நாளிலேயே சரிபார்த்துவிட வேண்டும், தேர்வு வாசலில் நின்று பேசிப் பயனில்லை.

தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம், அல்லது தேர்வு நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்தின் மையத்துக்குப் போகலாம். உங்களுக்கு நான் மையத்தைத்தான் சொல்வேன். வீட்டிலிருந்து எழுதினால் அறையை நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்ப வேண்டும், மேசையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்கக் கூடாது, தேர்வு முடியும் வரை யாரும் உள்ளே வரக் கூடாது. தோட்டத்து வீட்டில் இதெல்லாம் நடக்கிற காரியமா? பாட்டி கோப்பி எடுத்துக்கொண்டு வருவார். மத்தியானம் மூன்று மணிக்கு மழை இடித்தால் கரண்ட் போகும். ஜொகூர் பாருவுக்கு ஒரு பஸ் டிக்கெட் அதைவிட மலிவு. இன்னொரு நல்ல செய்தி: 2023 ஆகஸ்டிலிருந்து, இந்த வகைத் தேர்வு எழுதும்போதே மைக்ரோசாஃப்ட் லேர்ன் பக்கங்களைத் திறந்து பார்க்க அனுமதி உண்டு. நேரம் கூடுதலாகக் கிடைக்காது. அதனால் எல்லாவற்றையும் தேட முடியாது, எங்கே இருக்கிறது என்று முன்பே தெரிந்தவருக்குத்தான் அது உதவும்.

இவ்வளவும் காகிதத்தைப் பற்றி. வேலையைப் பற்றி ஒரு சம்பவம் சொல்ல வேண்டும், ஏனென்றால் "பழையது செத்துவிட்டது" என்று கேட்டதும் பழைய பாடத்தையே தூக்கிப் போட்டுவிடும் பிள்ளைகளைப் பார்க்கிறேன்.

2011 நவம்பர், மழைக்காலம். அப்போது நான் குளுவாங் சுற்றுவட்டாரத்துத் தோட்ட ஆபிஸ்களுக்குக் கணினி வேலை பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். காலை ஏழு மணிக்கு ஓர் ஆலையிலிருந்து கிராணி போன் செய்தார். "தம்பி, ஒருத்தராலும் உள்ளே போக முடியல, லாரி எல்லாம் நிக்குது." பசியாறாமல் ஓடினேன். முந்தின இரவு இடி இடித்துக் கரண்ட் போயிருக்கிறது, யு.பி.எஸ். பேட்டரி எப்போதோ செத்துப்போனது, சர்வர் அணைந்து தானாக மறுபடி எழுந்திருக்கிறது. எடைமேடைக் கணினியில் கடவுச்சொல்லைப் போட்டால் ஏற்க மறுக்கிறது. எடைச் சீட்டு இல்லாமல் ஒரு லாரிகூட உள்ளே வர முடியாது. குலைகள் லாரியில் கிடந்தால் எண்ணெயில் அமிலம் ஏறும், அறுத்த 24 மணி நேரத்துக்குள் ஆலையில் போட வேண்டும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். லாரி வரிசை சாலை வரைக்கும் நீண்டிருந்தது. மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை.

கேபிளைப் பார்த்தேன், சுவிட்சைப் பார்த்தேன், டி.என்.எஸ். பார்த்தேன். நாற்பது நிமிடம் போனது. அப்புறம்தான் சர்வர் திரையின் மூலையில் கண் விழுந்தது. தேதி 2003 ஜனவரி 1. மதர்போர்டில் இருக்கும் காசு வடிவப் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. கரண்ட் இருந்தவரை தெரியவில்லை, போய் வந்ததும் கடிகாரம் பிறந்த நாளுக்கே போய்விட்டது. ஆக்டிவ் டைரக்டரி ஆட்களை உள்ளே விடுவது கெர்பரோஸ் என்ற முறையில். சர்வரின் கடிகாரத்துக்கும் கணினியின் கடிகாரத்துக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது யாரையும் நம்பாது. இங்கே வித்தியாசம் எட்டு வருடத்துக்கு மேல். நேரத்தைச் சரிசெய்ததும் எடைமேடை திறந்தது, முதல் லாரி நகர்ந்தது. லாயாங் லாயாங்கில் கடிகாரம் பழுது பார்க்கும் கடையில் சி.ஆர். 2032 பேட்டரி ஒன்று வாங்கி வந்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சர்வரை நிறுத்தி மாற்றினேன். அதோடு சர்வர் தன் சொந்தக் கடிகாரத்தை நம்பாமல் இணையத்தில் உள்ள நேரச் சர்வரைக் கேட்டுக்கொள்ளும்படி அமைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

அந்த 5 நிமிடக் கணக்கை நான் படித்தது 2003 பாடத்தில். அந்தத் தாள்களுக்கு இன்று மதிப்பில்லை, அந்தக் கணக்கு அப்படியே இருக்கிறது. ஏ.இசட். 800-க்குப் படிக்கும்போது ஆக்டிவ் டைரக்டரி பகுதியில் அது மறுபடி உங்கள் முன்னால் வரும். ஆகவே மாமா வீட்டு அலமாரியில் பழைய புத்தகம் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டி.என்.எஸ்., கெர்பரோஸ், குழுக் கொள்கை, அனுமதிகள் இந்த அத்தியாயங்கள் எல்லாம் இன்றும் உதவும். நிறுவும் முறை, திரைப் படங்கள், உரிமக் கணக்கு இவற்றை விட்டுவிடலாம்.

படிக்க 5,800 வெள்ளி வேண்டாம். மைக்ரோசாஃப்ட் லேர்ன் பாடங்கள் இலவசம். விண்டோஸ் சர்வரை 180 நாள் சோதனைப் பதிப்பாகச் சும்மாவே இறக்கிக்கொள்ளலாம். 16 ஜி.பி. நினைவகம் உள்ள பழைய கணினி ஒன்று, அதில் விண்டோஸ் புரோ, ஹைப்பர்-வி இயக்கி, உள்ளே மூன்று சர்வர்: ஒன்று டொமைன் கன்ட்ரோலர் (ஆக்டிவ் டைரக்டரி ஓடும் சர்வர்), ஒன்று கோப்புச் சர்வர், ஒன்று உடைத்துப் பார்ப்பதற்கு. வேண்டுமென்றே அந்த மூன்றாவதின் நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள், டி.என்.எஸ். முகவரியைத் தப்பாகப் போடுங்கள், என்ன பிழைச் செய்தி வருகிறது என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நோட்டு எந்தப் பயிற்சி நிலையத்தின் கையேட்டையும்விட உங்களுக்குப் பெரியது. ஆலைச் சர்வரில் மட்டும் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம்.

அஷூரில் கைப்பழக்கம் வேண்டுமென்றால் இலவசக் கணக்கில் முதல் 30 நாளுக்கு 200 டாலர் மதிப்பு தருகிறார்கள். கடன் அட்டையோ டெபிட் அட்டையோ கேட்பார்கள். பயிற்சி முடிந்ததும் உருவாக்கியதையெல்லாம் அழித்துவிட்டுத் தூங்கப் போங்கள். இடையில் ஓர் இலவசப் படியும் இருக்கிறது: 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் தொடங்கிய அப்ளைடு ஸ்கில்ஸ். கேள்வித்தாள் இல்லை, ஓர் ஆய்வகத்தைக் கொடுத்து வேலையைச் செய்யச் சொல்வார்கள். ஆக்டிவ் டைரக்டரி நிர்வாகத்துக்கு ஒன்று அதில் உண்டு. முழுச் சான்றிதழுக்கு ஈடாகாது, ஆனால் காசில்லாமல் உங்களை நீங்களே சோதித்துக்கொள்ள நல்ல இடம்.

உங்களிடம் ஒரு புதையல் இருப்பது உங்களுக்குத் தெரிகிறதா என்று தெரியவில்லை. ஆலையில் ஓடும் 2012 ஆர்2-க்கு ஆதரவு 2023 அக்டோபர் 10-ஆம் தேதியே முடிந்துவிட்டது. தனியாகக் காசு கட்டி வாங்கும் நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரைதான். அதை மாற்றியே ஆக வேண்டும். மாற்றுவது எப்படி என்பதுதான் 801-இன் ஒரு பகுதி. மேனேஜரிடம் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: இப்போது என்ன ஓடுகிறது, என்ன ஆபத்து, எதற்கு மாற்றலாம், எத்தனை மணி நேரம் எடைமேடை நிற்கும். பழையதை ஒரு ஞாயிற்றுக்கிழமை புதியதுக்கு நகர்த்திய அனுபவம் உங்கள் பெயரில் இருந்தால், நேர்முகத் தேர்வில் முதல் பத்து நிமிடம் நீங்கள்தான் பேசுவீர்கள்.

அதே கடிதத்தில் பயிற்சிச் செலவையும் கேளுங்கள். பத்தோ அதற்கு மேலோ மலேசியத் தொழிலாளர்கள் உள்ள முதலாளிகள் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை, மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்.ஆர்.டி. கார்ப்புக்கு வரியாகக் கட்டுகிறார்கள். அது உங்களைப் போன்றவர்களின் பயிற்சிக்காக உள்ள பணம். பல தோட்டக் கம்பெனிகளில் அது சூப்பர்வைசர்களின் பாதுகாப்பு வகுப்போடு நின்றுவிடுகிறது, ஐ.டி. ஆளுக்கு யாரும் கேட்பதில்லை. விண்ணப்பத்தை வகுப்பு தொடங்குவதற்கு முன்பே கம்பெனி அனுப்ப வேண்டும், முடித்துவிட்டு ரசீதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நடக்காது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், நீங்கள் சலுகை கேட்கவில்லை.

இனி லினக்ஸ். விண்டோஸ் வேலையில் இருக்கும்போதே அதையும் சேர்த்துப் படிக்கலாம், ஆனால் முதல் சான்றிதழாக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கையில் தினமும் ஓடும் சர்வர் விண்டோஸாக இருக்கும்போது, வேறொன்றை வீட்டில் மட்டும் படித்தால் மனத்தில் நிற்காது. விண்டோஸ் சான்றிதழ் முடிந்த பிறகு, லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட்டின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. தேர்வை எழுதுங்கள். எனக்கு அந்தத் தேர்வின் மேல் தனி மரியாதை. நான்கு பதிலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியே கிடையாது. ஒரு லினக்ஸ் இயந்திரத்தைக் கொடுத்து, இதைச் செய், அதைச் சரிசெய் என்பார்கள். செய்தது எல்லாம் இயந்திரத்தை மறுபடி தொடங்கிய பின்பும் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மதிப்பெண் இல்லை. 300-க்கு 210 தேர்ச்சி, மூன்று வருடம் செல்லும். அங்கேயும் மாற்றம் வந்திருக்கிறது: அடுத்த படியான ஆர்.எச்.சி.இ., 2019-லிருந்து முழுக்க அன்சிபிள் என்ற தானியங்கிக் கருவியின் மேல் நிற்கிறது. ஒவ்வொரு சர்வராகக் கையால் அமைப்பவரை விட்டுவிட்டு, நூறு சர்வரை ஒரே கோப்பால் அமைப்பவரைத் தேடுகிறார்கள். பயிற்சிக்கு, ரெட் ஹேட்டைப் போலவே இயங்கும் அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் இரண்டும் இலவசம்.

செடெனாக் பற்றி உங்கள் தம்பியும் சேர்ந்து கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நாம் சின்ன வயதில் பஸ்ஸில் போகும்போது இரண்டு பக்கமும் செம்பனையாகத் தெரிந்த இடம், இன்று ஜன்னல் இல்லாத கட்டடங்கள். பேச்சும் பெரிதாக இருக்கிறது. 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் மலேசியாவில் 220 கோடி அமெரிக்க டாலர் முதலீடு என்று அறிவித்தது, அதே ஆண்டு ஆகஸ்டில் அமேசான் தன் கிளவுட் வட்டாரத்தை இங்கே திறந்தது. இதைக் காட்டி "அஷூர் படித்தால் டேட்டா சென்டரில் வேலை" என்று வகுப்பு விற்கிறார்கள். இரண்டும் வேறு வேறு வேலை. அஷூர் நிர்வாகி உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் வேலை செய்யலாம், அவருக்கு அந்தக் கட்டடத்தின் வாசல்கூடத் தெரிய வேண்டியதில்லை. கட்டடத்துக்குள் வேண்டியது சர்வரை ரேக்கில் ஏற்றுபவர், டிஸ்க் மாற்றுபவர், ஃபைபர் இழுப்பவர், குளிரூட்டலையும் மின்சாரத்தையும் பார்ப்பவர்.

அந்த உள்வேலைக்குத் தம்பிக்கு ஆசை என்றால் காம்ப்டியா என்ற அமைப்பின் சர்வர் பிளஸ் சான்றிதழ் பொருத்தம். வன்பொருள், ரெய்ட் (பல டிஸ்க்கைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் ஏற்பாடு), மின்சாரம், கோளாறு இவைதான் பாடம். அதற்குக் காலாவதியும் கிடையாது, இந்தக் காலத்தில் அது அபூர்வம். தம்பி மின்சாரப் பக்கம் படித்தவராக இருந்தால் கணினிச் சான்றிதழே வேண்டாம், சக்தி ஆணையத்தின் சார்ஜ்மேன் தகுதியை நோக்கிப் போகட்டும். அத்தனை பெரிய கட்டடத்தில் உயர் அழுத்த மின்சாரத்தைத் தொடத் தகுதிச் சான்றிதழ் உள்ள ஆள் கட்டாயம், அந்த ஆட்களுக்குக் கிராக்கி உண்டு.

வேலை விளம்பரங்களில் இன்றும் "எம்.சி.எஸ்.இ. உள்ளவர் விரும்பப்படுவர்" என்று பார்ப்பீர்கள். பழைய விளம்பரத்தைப் பிரதி எடுத்துப் போடுகிறார்கள், அவ்வளவுதான். தகுதியில்லை என்று ஒதுங்கிவிடாதீர்கள். விண்ணப்பத்தில் "எம்.சி.எஸ்.இ. 2021 ஜனவரியில் ஓய்வு பெற்றது, விண்டோஸ் சர்வருக்கு அடுத்து வந்த ஹைபிரிட் நிர்வாகிச் சான்றிதழ் என்னிடம் உள்ளது" என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். விவரம் தெரிந்தவர் என்று அவர்களுக்கே புரியும்.

விடைகளோடு கேள்விகளை விற்கும் ஆட்கள் வருவார்கள், "டம்ப்" என்பார்கள். தொடாதீர்கள். கண்டுபிடித்தால் சான்றிதழை ரத்து செய்து மறுபடி எழுதவும் தடை போடுவார்கள். கண்டுபிடிக்காவிட்டாலும், லாரி வரிசையில் நிற்கும் காலையில் அந்த விடைகள் உங்களுக்குக் கைகொடுக்காது.

அந்த 300 வெள்ளி. நிலையத்துக்குப் போய்ச் சண்டை போட வேண்டாம். "எம்.சி.எஸ்.இ. தேர்வு 2021 ஜனவரி 31-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டுள்ளது, நீங்கள் விளம்பரம் செய்த தகுதியைப் பெற முடியாததால் முன்பணத்தைத் திருப்பித் தரவும்" என்று எழுதி, பதிலுக்கு 14 நாள் கொடுத்து அனுப்புங்கள். ரசீதையும் விளம்பரத்தின் படத்தையும் பத்திரமாக வையுங்கள். பதில் வராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுப் போடலாம். கட்டணம் ஐந்து வெள்ளி, வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரையான வழக்குகளை விசாரிக்கிறார்கள். இணையத்திலேயே மனுவை அனுப்பலாம். கடிதத்தை எழுதி முடித்ததும் அனுப்புவதற்கு முன்பு என்னிடம் காட்டுங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.